வேஸ்ட்டும் குப்பையும்

குன்னத்தூர் பக்கம் யாராவது ‘வேஸ்ட்’ என்று சொன்னால் குப்பையைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு சரக்கு. கட்டிங் மேசையில் துணியை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் ஓரத் துண்டுகளுக்குப் பனியன் தொழிலில் அதுதான் பெயர். வெள்ளை வேஸ்ட்டுக்கு ஒரு விலை, கலர் வேஸ்ட்டுக்கு ஒரு விலை, லைக்ரா கலந்திருந்தால் அதற்கும் கீழே ஒரு விலை. மூட்டை கட்டி வைத்தால் வியாபாரி வண்டியோடு வந்து எடை போட்டு எடுத்துப் போவார். நூல் வந்த சாக்குக்கும் ஆள் உண்டு, நூல் சுற்றியிருந்த கோனுக்கும் ஆள் உண்டு, அட்டைப் பெட்டிக்கும் உண்டு.

அதே கம்பெனி வாசலுக்கு வெளியே வந்து பாருங்கள். டீ பார்சல் வந்த கவர், மிக்சர் பாக்கெட், ஒரு ரூபாய் ஷாம்பூ உறை, பான் மசாலா உறை எல்லாம் சாக்கடை ஓரம் கிடக்கும். இது குப்பை. இதற்கு ஆள் கிடையாது. சாயங்காலம் யாரோ கூட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள், அத்தோடு முடிந்தது.

திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபி போகும் சாலையில் இருக்கிற பேரூராட்சி குன்னத்தூர். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை ஈரோட்டுக் கணக்கில் இருந்தது. இப்போது ஊத்துக்குளி வட்டம். ஆடு மாடும் காடு தோட்டமுமாக இருந்த பக்கத்தில் பனியன் வேலை வந்து படிந்து பல வருடம் ஆகிறது. உலகத்தின் பிளாஸ்டிக் பிரச்சினையைப் பற்றி வந்திருக்கும் அறிக்கைகளை எடுத்து வைத்துப் படித்தால், விஷயம் முழுவதும் இந்த ஊர் பிரித்து வைத்திருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. எதற்கு விலை இருக்கிறதோ அது திரும்பி வருகிறது. விலை இல்லாதது கிடக்கிறது, எரிகிறது, மாட்டு வயிற்றுக்குள் போகிறது.

கணக்கைப் பார்க்கலாம். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒரு மொத்தக் கணக்கு போட்டார்கள். பிளாஸ்டிக் பெருமளவில் தயாராகத் தொடங்கிய 1950-இலிருந்து 2015 வரை உலகம் செய்தது 830 கோடி டன். அதில் 630 கோடி டன் ஏற்கெனவே கழிவாகிவிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரிந்தது 12 சதவீதம், மீதி 79 சதவீதம் மண்ணிலும் குப்பை மேட்டிலும் நீரிலும் இருக்கிறது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், 2019-ஆம் ஆண்டில் மட்டும் பயன்பாடு 46 கோடி டன், கழிவு 35 கோடி டன்னுக்குச் சற்று மேல். மறுசுழற்சி அப்போதும் அதே 9 சதவீதம். கழிவு பெருகியது, அந்த எண் நகரவில்லை.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2020-21-இல் இந்தியாவில் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். 2024 செப்டம்பரில் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வேறொரு எண்ணைச் சொன்னார்கள்: கட்டுக்கு அடங்காமல் சூழலுக்குள் போகும் பிளாஸ்டிக் மட்டுமே இந்தியாவில் ஆண்டுக்கு 93 லட்சம் டன், உலகிலேயே முதலிடம். உருவானதைவிடச் சிதறியது அதிகம் என்றால் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். உள்ளாட்சிகள் அள்ளிய குப்பையைத்தான் அரசு எண்ணுகிறது. அள்ளாத கிராமமும், வீட்டு வாசலில் வைக்கும் தீயும் அதில் சேர்வதில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். அந்த 93 லட்சத்தில் 58 லட்சம் டன் திறந்த வெளியில் எரிகிறது, 35 லட்சம் டன் அப்படியே கிடக்கிறது என்று பிரித்தும் சொல்கிறார்கள். எண்ணில் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் எரிவது கிடப்பதைவிட அதிகம் என்பதை நம்ப எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்துச் சாலையில் இருட்டும் நேரம் வண்டியில் போகிறவர்கள் யாருக்கும் தேவைப்படாது. கவர் எரியும் புகை ஒரு விதம், பிவிசி கலந்து எரியும் புகை வேறு விதம். இரண்டாவதில் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது.

இனி, ஏன் சிலவற்றுக்கு விலை, சிலவற்றுக்கு இல்லை? பழைய இரும்புக்கடைக்காரர் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். தண்ணீர் பாட்டில் ஒரே பொருள். பெட் என்கிற பிளாஸ்டிக். நசுக்கிக் கட்டினால் ஆலைக்குப் போகும். குடம், வாளி, எண்ணெய் கேன் ஆகியவையும் தனித்தனி ஜாதி, தனித்தனியாக உருக்கலாம். பால் கவர் கழுவிக் காயவைத்தால் ஏதோ கிடைக்கும், கழுவாவிட்டால் இல்லை. மிக்சர் பாக்கெட்டிலும் ஷாம்பூ உறையிலும் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் சில சமயம் அலுமினியமும் ஒட்டிக் கிடக்கின்றன, பிரிக்க முடியாது. எடையும் இல்லை: ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கான உறைகளைப் பொறுக்க வேண்டும். முதுகு ஒடியக் குனிந்தால் கூலி கட்டாது. அதனால் அது கிடக்கிறது. பொறுக்குகிறவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உறையைத் தாண்டிப் போவதில் அலட்சியம் எதுவும் இல்லை, அது பொருளாதாரம்.

இந்தச் சின்ன உறை நம் மண்ணில் பிறந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். வெல்வெட்டும் பிறகு அவர் மகன் ரங்கநாதனின் சிக் ஷாம்பூவும் 1980-களில் அதை ஊர் ஊராகக் கொண்டு போயின. பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரக் குடும்பம் சில்லறைக் காசுக்குத் தலைக்குக் குளித்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பெருங்கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில் இறங்கி, எண்ணெய், காபித்தூள், ஊறுகாய், சோப்புத்தூள் என்று அடைத்து விற்றபோது, லாபம் கம்பெனிக்கும் உறை ஊருக்கும் என்று பாகம் பிரிந்தது.

தடை போட்டால் தீராதா என்றால், நாம் போட்டுப் பார்த்துவிட்டோம். 2018 ஜூன் 5-இல் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. மத்திய அரசின் தடை 2022 ஜூலை 1-இல்தான் வந்தது. அதுவும் 19 பொருட்களுக்கு. கைப்பைகளில் மத்திய அரசு தடிமன் பார்க்கிறது, 120 மைக்ரானுக்குக் கீழ் கூடாது என்கிறது. தமிழ்நாடு எந்தத் தடிமனும் கூடாது என்று சொல்லிவிட்டது. முதல் சில மாதங்கள் நன்றாகவே நடந்தது. கறிக்கடைக்குத் தூக்குப்போசி எடுத்துப் போனோம், இலையில் மடித்து வாங்கினோம். பிறகு மெல்ல மெல்லக் கவர் திரும்பி வந்தது. சந்தையில் தக்காளி விற்கும் அம்மாவிடம், “பை கொண்டு வரலீங்கக்கா, கவர் இருந்தா குடுங்க” என்று கேட்டால், தட்டுக்கடியில் கையை விட்டு ஒன்றை உருவித் தருவார். தடை தன் தலையில் வந்து விழுந்தது என்று அவருக்குத் தெரியும். அடுத்த கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் சரத்துக்குத் தடை இல்லை என்பதும் தெரியும். சோதனைக்கு வருகிறவர்கள் அவரிடம் அபராதம் வாங்கலாம். கவர் செய்கிற ஆலை அந்தச் சந்தையில் கடை போடுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. துணிப்பை என்ற பெயரில் ஜவுளிக்கடைகளும் பேக்கரிகளும் தருகிற மெல்லிய, சொரசொரப்பான பைகளில் பாதிக்குமேல் துணியே இல்லை. ‘நான்-ஓவன்’ என்று சொல்லப்படும் அது நெய்யாத பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டின் 14 பொருள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. துணி எது, துணி மாதிரி எது என்று தொட்டாலே சொல்லிவிடும் பனியன்காரர்களின் ஊரிலும் அது தொங்குகிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

2021 டிசம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கினார். 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரம் அடுத்த ஆண்டு கோயம்பேட்டில் வந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்களைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த தலைமுறைக்கு இது ஒரு பிராயச்சித்தம். ஆனால் பருத்திப் பையும் வானத்திலிருந்து விழுவதில்லை. டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பருவநிலைக் கேட்டை மட்டும் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும், எல்லாக் கேடுகளையும் சேர்த்தால் 7,100 முறை என்றது. புதுப் பருத்தி விளைவித்து, நூற்று, சாயம் போட்டுச் செய்த பைக்கு அந்தக் கணக்கு. இங்கேயோ வேஸ்ட் மூட்டையிலும் ரிஜெக்ட் பீஸிலும் பை தைக்கத் துணி மலிந்து கிடக்கிறது. அதற்காகப் புதிதாக ஒரு செடிக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. ஓவர்லாக் மெஷின் சும்மா இருக்கும் நாட்கள் குன்னத்தூரில் குறைவில்லை.

அடுத்தது, பாட்டிலைத் துணியாக்கும் வழி. எல்லோரும் கை தட்டும் வழி இது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல நிற மேல்சட்டை அணிந்து வந்தார். பெட் பாட்டிலிலிருந்து எடுத்த இழையில் செய்தது. அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது கரூரில் பாட்டிலை மறுசுழற்சி செய்யும் ஓர் ஆலை. கொங்கு நாட்டுக்கு இது புதிதும் இல்லை. இந்த வட்டாரத்து ஓஇ மில்கள், அதாவது ஓப்பன் எண்ட் நூற்பாலைகள், பல காலமாகப் பனியன் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து, பீறிப் பஞ்சாக்கி, பாட்டிலிலிருந்து வந்த பாலியஸ்டரோடு கலந்து நூல் நூற்கின்றன. நிறம் பார்த்துப் பிரிப்பதால் அந்த நூலுக்குத் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. சாயக் கழிவு என்ற சொல்லைக் கேட்டாலே திடுக்கிடும் ஒரு பகுதியில் இது சின்ன விஷயமா? லுங்கியும் போர்வையும் கால்மிதியும் அந்த நூலில் வருகின்றன. மறுசுழற்சியைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாடுகளுக்கு முன்பே, கருத்தரங்கு எதுவும் இல்லாமல் இங்கே நடந்த வேலை இது. காரணம் கருணை இல்லை, விலை.

ஆனால் இதிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கினால் அது பல சுற்று வரும். துணியாக்கினால், அதுவும் பருத்தியோடு கலந்துவிட்டால், அடுத்த சுற்று கிட்டத்தட்ட இல்லை. கிழிந்த பிறகு குப்பைதான். அழுக்கு வேலையை ஒரு முறை தள்ளிப்போடுகிறோம். இப்போது பாட்டில் கம்பெனிகளும் போட்டிக்கு வந்துவிட்டன: கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பழைய பாட்டிலுக்கு மில்லும் வரும், தண்ணீர் கம்பெனியும் வரும். பொறுக்குகிறவர் கைக்கு இதில் எத்தனை ரூபாய் கூடுதலாகப் போய்ச் சேருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பருத்தியின் பெயரால் வளர்ந்த திருப்பூரே பாலியஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. உலகில் 2023-இல் தயாரான 12.4 கோடி டன் இழையில் 57 சதவீதம் பாலியஸ்டர். பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான். விளையாட்டு உடை, ஜிம் உடை என்று பையர் கேட்பது அதைத்தான். பாலியஸ்டர் என்பது பிளாஸ்டிக் என்று தைக்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். துணியை யாராவது கவரோடு சேர்ப்பார்களா? வேதியியலில் அதுவும் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள். துவைக்கும் ஒவ்வொரு முறையும் அது உதிர்கிறது. 2016-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஆறு கிலோ துணியை இயந்திரத்தில் துவைத்துக் கணக்கிட்டார்கள்: பாலியஸ்டரிலிருந்து சுமார் 5 லட்சம் நுண்ணிழைகள், அக்ரிலிக்கிலிருந்து 7 லட்சத்துக்கு மேல், பருத்தி கலந்ததிலிருந்து அதைவிட மிகக் குறைவு, 1.4 லட்சத்துக்குள். கவரைக் குனிந்து பொறுக்கலாம். இதைப் பொறுக்க எந்த ஊரிலும் ஆள் இல்லை. பழைய பாட்டிலில் செய்த சட்டையும் புதுப் பாலியஸ்டர் சட்டையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

இங்கே நொய்யலை நினைக்காமல் இருக்க முடியாது. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. தேங்கியது சாயத் தண்ணீர். விவசாயிகள் வழக்குக்கு மேல் வழக்காக நடந்து, 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சாயமேற்றும் செலவு கூடியது, தொழில் சாகும் என்றார்கள், சாகவில்லை. இன்றைக்குத் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. கெடுத்தவன் செலவழிக்க வேண்டும் என்ற கொள்கையை இந்த வட்டாரம் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. சாயத்துக்கு வந்த அந்த விதி பிளாஸ்டிக்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்க, இந்த ஊர்க்காரர்களைவிடத் தகுதி யாருக்கு இருக்கிறது?

விதி ஒன்று ஏட்டில் வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, உறையில் அடைத்து விற்கும் கம்பெனிகளே அந்த உறையின் முடிவுக்கும் பொறுப்பு என்று வழிமுறை வகுத்தது. கம்பெனி தானே பொறுக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் போதும். சான்றிதழ் வந்தால் அதன் பின்னாலேயே போலியும் வரும். அடுத்த ஆண்டே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையில் நான்கு ஆலைகள் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியது தெரிந்தது. காகிதத்தில் பொறுக்கிய பிளாஸ்டிக்.

இதைவிட நேரான வழி ஒன்று நம் மாநிலத்திலேயே நடக்கிறது, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும் இடத்தில். நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கையில். யானைக் காலைக் கிழித்த பாட்டில்கள் காட்டிலிருந்து மறைந்து கடைக்குத் திரும்பின. குடித்தவர் கொடுக்காவிட்டாலும் பொறுக்கியவர் கொடுத்தார். அங்கே யாரும் யாருக்கும் விழிப்புணர்வு ஊட்டவில்லை. கண்ணாடிக்குச் செய்ததைத் தண்ணீர் பாட்டிலுக்கும் பால் கவருக்கும் செய்ய அறிவியல் தடை எதுவும் இல்லை. மிக்சர் பாக்கெட்டுக்கு ஐம்பது காசு என்று வைத்துப் பாருங்கள். சாக்கடை ஓரம் ஒரு வாரத்தில் காலியாகும். தடுப்பது யார் என்றால், அந்த ஐம்பது காசை விலையில் சேர்க்க விரும்பாதவர்கள்.

கிடைத்துவிட்ட பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்பதற்கும் வழிகள் இருக்கின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பிரிக்கத் தேவையில்லாத கவர்களையும் உறைகளையும் துருவிச் சூடான ஜல்லிமேல் பூசித் தார்ச்சாலை போடும் முறையைக் கண்டார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு கிலோமீட்டர் ஒற்றைச் சாலைக்கு ஒரு டன் அளவு போகும். விலையில்லாத உறைக்கு ஒரு வேலை கொடுத்தது அதன் பெருமை. சாலை தேயும்போது அது எங்கே போகும் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. மீதியை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளின் உலைக்கு அனுப்புகிறார்கள். திறந்த வெளியில் எரிவதற்கு அது எவ்வளவோ தேவலாம்.

இவை எதற்கும் போகாதது பாறைக்குழிக்குப் போகிறது. கல் உடைத்துக் கைவிட்ட பாறைக்குழிகளில் திருப்பூர் மாநகரக் குப்பையைக் கொட்டுவதும், முதலிபாளையம், இடுவாய் போன்ற ஊர்க்காரர்கள் லாரியை மறிப்பதும் சமீப வருடங்களின் செய்தி. கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊரில் பாறைக்குழி என்பது நிலத்தடி நீருக்குத் திறந்திருக்கும் வாய். மேய்ச்சல் மாடு இருக்கும் இடத்தில் இன்னொரு வாயும் உண்டு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். பழத்தோலை அப்படியே போட்டிருந்தால் அது பழத்தோலை மட்டும் தின்றிருக்கும். கவருக்குள் கட்டிப் போட்டது நாம்.

இத்தனைக்கும் மேலே, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்பது எதற்கு என்ற கேள்வி நிற்கிறது. 2022 மார்ச்சில் நைரோபியில் ஐநா சூழல் மாநாடு பிளாஸ்டிக்குக்கு ஓர் உலக ஒப்பந்தம் எழுத முடிவு செய்தது. 2024 இறுதியில் தென்கொரியாவின் பூசானில் முடிய வேண்டியது முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடியும் முடியவில்லை. உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பு. கழிவைக் கையாள்வதைப் பேசுவோம், உற்பத்தியைத் தொடாதீர்கள் என்று எண்ணெய் நாடுகள். இந்தியா உற்பத்தி வரம்பை ஏற்க முடியாது என்று பூசானிலேயே சொல்லிவிட்டது. வளரும் நாட்டின் தொழிலைக் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் நியாயம். அதில் பாதி நியாயம் எனக்கும் தெரிகிறது: ஓர் அமெரிக்கர் எறிவதில் சிறு பங்கைத்தான் நாம் எறிகிறோம். மறுபாதி இடறுகிறது. கச்சா எண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம் புதுப் பிளாஸ்டிக் மலிந்து, பழைய பாட்டில் வாங்க ஆளில்லாமல் குடோனில் தேங்குகிறது. புதியதற்கு அணை இல்லாமல் பழையதற்கு விலை நிற்காது என்பதை ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர்களைவிடப் பழைய இரும்புக்கடைக்காரர் நன்றாகவே அறிவார்.

இதற்கிடையில் ஏற்றுமதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது. பேக்கிங் செக்‌ஷனில் ஒவ்வொரு டி-ஷர்ட்டும் மடித்து ஒரு பாலிபேக்குக்குள் போகிறது. அது ஜெர்மனியில் இறங்கினால், அந்தக் கவரைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் செலவை விற்பவர் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும், சட்டம் அப்படி. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல், மறுசுழற்சிப் பொருள் 30 சதவீதத்துக்குக் குறைந்த பிளாஸ்டிக் உறைக்கு டன் கணக்கில் வரி. அதனால் பையர் இப்போது மறுசுழற்சிக் கவரையே கேட்கிறார். இங்கேயும் அதற்கு ஆர்டர் போடுகிறார்கள். அளவு மாறியோ அச்சுப் பிசகியோ ஒதுக்கப்பட்ட அதே கவர் குன்னத்தூரிலேயே தங்கிவிட்டால், சுத்தமாக இருக்கும் வரை வேஸ்ட். யாராவது அதில் தக்காளிச் சட்னி கட்டிக்கொண்டு போய்விட்டால் குப்பை. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மூச்சுத் திணறும் என்று அந்தக் கவரில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் என வரிசையாக அச்சடித்திருக்கும். தமிழ் இருக்காது.